குழந்தைக்கு எதற்குச் செருப்பு

ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுகிற சிரிப்பு. ஆனால் அது இப்போது கிடையாது, அத்தையின் மிஸ்டு கால் வந்த பிறகுதான் என்று இசக்கி தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டிருந்தாள். சுவரில் சாய்ந்து, வெறுங்காலை நீட்டி, மடியில் தலையணையைப் போட்டு, அதன் நட்ட நடுவில் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் காங்கேயத்திலிருந்து கோகிலவாணி மேடம் கூப்பிடுவாள். கூப்பிட்டால் இசக்கியின் அக்கா பேச்சி போனைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மேடம் உள்ளே இருக்கிற குழந்தையிடம் பேசுவாள். அது பிறந்து கைக்கு வரும்போது மேடத்தின் குரல்தான் அதற்கு அம்மா குரலாகப் பழகியிருக்க வேண்டுமாம். இன்றைக்கு அந்த வயிறு இங்கே இல்லை. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு பேச்சி மத்தியானமே மதுரை பஸ் ஏறிவிட்டாள், பிள்ளையைக் கொடுப்பதாக இல்லை, அவ்வளவுதான், முடிந்தது கதை. இங்கே மிச்சம் இருப்பது இந்தத் தலையணையும், பேச்சியின் குரலை அச்சு அசலாகப் பேசத் தெரிந்த இசக்கியும்தான். இதில் இன்னொரு கூத்து, மேடத்தின் வயிற்றிலும் தலையணைதான். ஊருக்குக் காட்டுவதற்காக மூன்று மாதமாகச் சேலைக்குள் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்குகிற மாதிரி நடக்கிறாளாம். அந்தப் பஞ்சு மூட்டைக்கு இன்று காலையில் வளைகாப்பு வேறு. ஆக அங்கே ஒரு தலையணை, இங்கே ஒரு தலையணை. ஒரு தலையணை இன்னொன்றிடம் "தங்கம், அம்மா பேசறேன்" என்று கொஞ்சப் போகிறது. பஸ் மதுரை ஆரப்பாளையம் ஸ்டாண்டு சேர்ந்து, அங்கே நிற்கிற சண்முகக்கனி அத்தை ஒரே ஒரு ரிங் விட்டு வைத்ததும், இசக்கி அக்காவின் குரலைக் கழற்றிப் போட்டுவிட்டு, புரோக்கர் மரகதத்தின் வெற்றிலைக் குரலை எடுத்து வாயில் அதக்கி, "மேடம், இம்புட்டு நேரமா நீங்க தலகாணிகூடப் பேசிட்டிருந்தீங்க, புரியுதா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனை அணைப்பாள். அப்போது சிரிக்கலாம். பொறு, பொறு, வாயை மூடு, போன் அடிக்கிறது.

"ஹலோ." அக்கா குரல் ரொம்ப லேசு. மற்றவர்கள் குரலுக்கு ஏதாவது சேர்க்க வேண்டும், அக்காவின் குரலுக்கு எடுத்தால் போதும். சத்தத்தில் பாதியை எடு, வார்த்தையின் வாலை விழுங்கு, பதிலுக்கு முன்னால் ஒரு மூச்சு விடு. பேரைப் பார், பேச்சி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பாள். "ஹலோ மேடம், சொல்லுங்க மேடம்." அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். விசேஷ வீடு, இன்னும் சொந்தபந்தம் கலையவில்லை போல, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள் போல. "பேச்சியா?" என்று மேடம் கேட்டாள். "பேச்சிதான் மேடம்." என்ன இது, வழக்கமாக எடுத்த எடுப்பிலேயே "வயித்துமேல வெச்சுட்டியா கண்ணு, நல்லா ஒட்டி வெய்யி" என்று ஆரம்பிக்கிறவள் இன்றைக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி இருக்கிறாள், வளைகாப்பில் அதிகமாகத் தின்றுவிட்டாளோ என்னவோ. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, எல்லாச் சோறும் பஞ்சு மூட்டைக்கு. நிஜமாகவே மசக்கைப்பட்டவளுக்கு மாதுளம்பழமும் குங்குமப்பூப் பாலும். "நீ சாப்புட்டியா பேச்சி?" என்று மேடம் கேட்டாள். இசக்கிக்குச் சுருக்கென்றது. மூன்று மாதத்தில் ஒரு நாள் கேட்டதில்லை இந்தக் கேள்வியை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, 'கண்ணு' என்பாள், அதுவும் வயிற்றைப் பார்த்துச் சொல்கிற கண்ணு. "சாப்ட்டேன் மேடம்." "என்ன சாப்புட்டே?" ஏன், பில்லைச் சரிபார்க்கவா? மாதுளம்பழத் தோலை எண்ணிக் காட்டவா? "சோறுதான் மேடம்," என்றாள், வாலை விழுங்கி, மூச்சு விட்டு, அக்கா மாதிரியே.

சோறுதான். அது ஒன்றுதான் இவர்கள் காசில் வராதது. இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்த அன்றைக்கே மரகதம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். மரகதம் முன்னே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், இப்போது பிள்ளை வேண்டியவர்களையும் பிள்ளை வேண்டாதவர்களையும் சேர்த்து வைப்பதுதான் அவள் தொழில், இப்படி நேரடியாகக் கைமாற்றுவது சட்டப்படி கூடாது என்று தெரிந்தே செய்கிற தொழில். அதனால் எதையும் எழுத மாட்டாள், எல்லாம் வாய்ப்பேச்சு. கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பாரு பேச்சி, பிரசவம் வரைக்கும் உன் செலவு பூரா மேடம் பாத்துக்கும். ரூம் வாடகை, டாக்டர், ஸ்கேன், மாத்திரை, பழம், பால். குழந்தைக்கு எதுவோ அது. உனக்கு எதுவோ அது உன் பாடு, புரியுதா இல்லையா?" என்றாள். புரியுது. இசக்கிக்கு அன்றைக்கே புரிந்தது. பேச்சி என்கிற இருபத்திரண்டு வயது ஆளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது மேடத்துடையது, கோட்டுக்கு வெளியே இருக்கிற கை, கால், தலை, முதுகுவலி, நாக்கு எல்லாம் பேச்சியின் பாடு. குங்குமப்பூ டப்பா வந்தது, பிள்ளை சிவப்பாகப் பிறக்க. பாதாம் வந்தது, பிள்ளைக்கு மூளை வளர. பேச்சிக்கு நாக்கு கிடந்து ஏங்கியது கருவாட்டுக் குழம்புக்கு. "ஐயையோ, சூடு, குழந்தைக்கு ஆகாது" என்று மரகதம் காதைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா அறைக்குள் பேச்சியோடு மரகதம் போவாள், டாக்டரம்மா மரகதத்தைப் பார்த்துப் பேசுவாள், பேச்சி விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பாள், இசக்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் எழுந்து வராந்தாவில் நின்று டாக்டரம்மா குரலில், "அடுத்த பேஷண்ட் வரலாம்!" என்று கத்தினாள், ஒரே நேரத்தில் ஆறு பேர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து கதவை நோக்கிப் போனார்கள். நர்ஸம்மா ஸ்கேலை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அது ஒரு நல்ல நாள்.

"பேச்சி, இருக்கியா?" "இருக்கேன் மேடம்." "குழந்தை உதைக்குதா?" இசக்கி தலையணையைப் பார்த்தாள். ஓரத்தில் தையல் விட்டு கொஞ்சம் பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விலாவுக்குள் சிரிப்பு எலிக்குட்டி மாதிரி ஓடியது, பிடித்து நசுக்கினாள். "உதைக்குது மேடம். இப்பதான் ஒரு உதை உட்டுது." "எந்தப் பக்கம்?" "வலது பக்கம் மேடம்." அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. "வலப்பக்கமா," என்றாள் மேடம், யாரிடமோ சொல்கிற மாதிரி. சொல்லு, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லு, உன் வயிற்றின் வலது பக்கம் உதைத்ததாக அம்மாச்சியிடமும் பெரியம்மாவிடமும் போய்ச் சொல்லு. மணி என்ன ஆகிறது, பஸ் இந்நேரம் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கும், வாடிப்பட்டி வந்திருக்கும். பஸ் காங்கேயம் வழியாகத்தான் போகும், அது ஒன்றுதான் திட்டத்தில் ஓட்டை. "காங்கேயம் ஸ்டாண்டுல நிக்கும்போது ஜன்னல் பக்கம் முந்தானையைப் போட்டு மூடிக்க, கெழவி மாதிரி இருமு, யாரும் பாக்க மாட்டாவ," என்று இருமிக் காட்டினாள் இசக்கி. பேச்சி இருமிப் பார்க்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டினாளா? ஆட்டினாள். பஸ் கிளம்புகிற குலுக்கலில் தலை ஆடியிருக்கலாம் என்று இப்போது ஏன் தோன்றுகிறது? சும்மா இரு, ஆட்டினாள், நான் பார்த்தேன்.

அதற்கு முந்தின ராத்திரி பேசியதும் அப்படித்தான். தகரக் கூரை இன்னும் சூடு விடாத நேரம், பக்கத்து நிட்டிங் கம்பெனி மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அக்கா பக்கவாட்டில் படுத்திருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் அப்பாவுக்குச் செங்கச்சூளையில் இருந்து தலை நிமிரவே நேரமில்லை, அவருக்கு மெதுவாகச் சொல்லிக்கலாம், அத்தை மதுரைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுவிட்டாள், பிறந்ததும் அத்தை பார்த்துக்கொள்வாள், நீயும் நானும் மறுபடியும் பனியன் கம்பெனி வேலைக்குப் போவோம், இந்தப் பழத்தையும் பாதாமையும் மேடம் மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போவோம், "என்னக்கா சொல்லுத, போறியா?" முதுகு ஒன்றும் சொல்லவில்லை. "ஏக்கா." முதுகு மூச்சு விட்டது. அப்போது இசக்கியே அக்கா குரலில், பாதியை விழுங்கி, "சரிட்டி, போறேன்," என்றாள். உடனே சிரிப்பு வந்தது. யாருக்கு? இரண்டு பேரும்தான் சிரித்தார்கள். இருட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, நிச்சயமாகக் கேட்டது. அக்கா சிரித்தாள். சிரித்தாளா? அக்கா சிரித்தால் எப்படி இருக்கும்? இதென்ன கேள்வி, கூடப் பிறந்தவள் சிரிப்பு தெரியாதா. முதலில் மூக்கால் ஒரு… இல்லை, அது அத்தை சிரிப்பு. அக்கா சிரிப்பது… எத்தனை நாளாயிற்று. வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனி செக்கிங் மாஸ்டர் ஓடிப்போன பிறகு சிரிக்க என்ன இருக்கிறது. அவன் குரலும் இசக்கிக்கு வரும். அது ஒரு எண்ணெய்க் குரல், வழுக்கிக்கொண்டே வரும், "நாளைக்கு வந்துர்றேன் பேச்சி, ஊர்ல பேசி முடிச்சிட்டு வந்துர்றேன்." அவன் போய் ஒரு மாதம் ஆனபோது, அவனைக் கேவலப்படுத்தலாம் என்று இசக்கி அதைச் செய்து காட்டினாள், மூக்கைச் சுழித்து, தோளைக் குலுக்கி. அக்கா காறித் துப்புவாள் என்று பார்த்தால், அவள் பாத்திரம் தேய்க்கிற கையை நிறுத்திவிட்டு, "இன்னொரு மட்டம் சொல்லுட்டி," என்றாள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை, அவன் மேலா, மறுபடியும் சொல்லச் சொன்னவள் மேலா. அதற்குப் பிறகு அந்தக் குரலை இசக்கி எடுத்ததே இல்லை. போதாக்குறைக்கு அத்தையிடம் பேசியதும் இசக்கிதான், அக்கா குரலில், கொஞ்சம் அழுகையும் சேர்த்து. "நான் வந்திருதேன் அத்த, பிள்ளைய நானே வளக்கேன்." அக்கா பேசமாட்டாள் அல்லவா, யாராவது பேச வேண்டும் அல்லவா, பேசாமல் இருந்தால் இந்த மரகதங்களும் மேடங்களும் ஆளையே உரித்துத் தின்றுவிட மாட்டார்களா. அக்காவுக்கு என்ன வேண்டும் என்று இசக்கிக்குத் தெரியும். ஒரே பாயில் பதினேழு வருஷம் படுத்திருக்கிறாள். தெரியாதா?

"வயித்துல போனை வெச்சுக்கறியா?" என்று கேட்டாள் மேடம். ஆகா, வந்தது, இதோ வந்தது. "வெச்சுட்டேன் மேடம்." இசக்கி தலையணையின் மேல் போனை நகர்த்தி, அதன் நடுவில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள், கேட்கட்டும் என்று. கொஞ்சு. கொஞ்சித் தொலை. வழக்கமான கொஞ்சல் இசக்கிக்கு மனப்பாடம்: தங்கம், சாமி, என்ற பட்டுக்குட்டி, அம்மா வந்துட்டேன், தொட்டில் வாங்கியாச்சு, உன்ற ரூமுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சாச்சு. இதை அப்படியே செய்து காட்டி லைன் வீட்டுப் பெண்களை வாசலில் உருள வைத்திருக்கிறாள். "மஞ்சப் பெயின்ட்" என்று சொல்லும்போது மேடம் உதட்டைக் குவிப்பாளே, அதில்தான் இருக்கிறது விஷயம். வீட்டுக்குள் அக்கா மட்டும் ஒரு நாள், "சும்மா இரிட்டி, பாவம்," என்றாள். யார் பாவம்? அந்த மேடமா? மில்லு வைத்திருக்கிறாள், கார் வைத்திருக்கிறாள், வயிறு வைத்திருக்கிறாள், பஞ்சு என்றாலும் வயிறு. பாவமாம். "அவுக பேசும்போது தொண்ட அடைக்கும், கேட்டியா நீ," என்றாள் அக்கா. கேட்கவில்லை. குரலைப் பிடிக்கும்போது ராகத்தைப் பிடிக்க வேண்டும், தொண்டை அடைப்பதை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இன்றைக்கு மேடம் தங்கம் என்று சொல்லவில்லை, சாமி என்று சொல்லவில்லை. போன் தலையணைமேல் சும்மா கிடந்தது. ஏதோ ஒரு மெல்லிய சத்தம், கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், நிறைய வளையல்கள், புதிசு. கை நிறைய அடுக்கியிருக்கிறாளாக்கும். அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்குமாம், அதற்குத்தான் வளையலே. பஞ்சுக்குக் கேட்குமா? கேட்கும், கேட்கும். அக்கா கையில் ரப்பர் பேண்ட் ஒன்று மட்டும் கிடக்கும், முடி கட்டுவதற்கு.

டுக் டுக் என்றது போன். வேறு கால் வருகிறது. இசக்கி குனிந்து பார்த்தாள்: அத்தை. ஒரே ஒரு ரிங், வைத்துவிடு அத்தை, வைத்துவிடு. வைக்கவில்லை. டுக் டுக், டுக் டுக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடியும் ஆரம்பித்தது. மிஸ்டு கால் என்றால் என்ன என்றுகூடத் தெரியாத அத்தை, சந்தோஷத்தில் விடாமல் அடிக்கிறாள், வந்து சேர்ந்துட்டாட்டி உங்கக்கா என்று கத்த வேண்டும் போல அவளுக்கு. சேர்ந்துவிட்டாள். ஆரப்பாளையத்தில் இறங்கிவிட்டாள், அத்தை டீ வாங்கிக் கொடுத்திருப்பாள், வடை வாங்கிக் கொடுத்திருப்பாள். கோடு அழிந்துவிட்டது, முழு ஆளாகிவிட்டாள் பேச்சி, கையும் காலும் வயிறும் சேர்ந்து ஒரே ஆள். இப்போது சிரிக்கலாம். இசக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள், நாக்கால் கன்னத்தைத் தள்ளி வெற்றிலை அதக்கினாள், மூக்கை அகட்டினாள், மரகதம் முழுசாக வந்து தொண்டையில் உட்கார்ந்தாள், "மேடம்" என்று வாய் திறக்கப் போன நேரத்தில் அந்தப் பக்கம் மேடம், "பேச்சி, உனக்குச் செருப்பு வேணும்னு கேட்டியாமே," என்றாள்.

வெற்றிலை தொண்டையிலேயே நின்றது. செருப்பு. அந்தச் செருப்புப் பேச்சு இவள் வரைக்கும் போயிற்றா? போன மாதம் ஸ்கேனுக்குப் போன அன்று, பஸ் ஸ்டாப்பிலிருந்து போகிற வழியில் பேச்சியின் செருப்பு வார் அறுந்தது. ஏற்கெனவே கால் இரண்டும் வீங்கி, பாதம் பனங்காய் மாதிரி பளபளவென்று, வார் தாங்கவில்லை. தாரோடு கொதித்தது. ஒரு கையில் அறுந்த செருப்பும் இன்னொரு கையில் ஸ்கேன் கவருமாக அக்கா நிழல் நிழலாகப் பார்த்து, குதிக்கிற மாதிரி நடந்தாள், ஆறு மாத வயிற்றோடு குதிக்க முடியுமா, அதனால் நடுவில் நின்று நின்று. ஆஸ்பத்திரி வாசலில் மரகதத்திடம் அவளே கேட்டாள், அபூர்வமாக அவளே வாயைத் திறந்து, "செருப்பு ஒண்ணு வேணும்க்கா," என்று. மரகதம் ஒரு நிமிஷம் அவளையும் காலையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள், நல்ல நகைச்சுவையைக் கேட்ட மாதிரி மனசாரச் சிரித்தாள். "குழந்தைக்கு எதுக்குடி செருப்பு? அது வயித்துக்குள்ளதான கெடக்குது, நடக்கவா போவுது?" பக்கத்தில் நின்ற ஆயாக்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை, அந்த வெற்றிலைச் சாறு தெறிக்கிற சிரிப்பை இசக்கி அன்றைக்கே பிடித்து உள்ளே வைத்துக்கொண்டாள், ஒரு நாள் அதே சிரிப்பை அவர்கள் காதிலேயே திருப்பி ஊற்றுவதற்காக. இன்றைக்குத்தான் அந்த நாள். இன்று மத்தியானம் பஸ் ஏறும்போது இசக்கி தன் செருப்பைக் கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டாள், அதனால்தான் தான் வெறுங்காலோடு இருக்கிறாள், அதற்காக யாரிடமும் பில் கேட்கவில்லை. அக்காவின் குதிகால் செருப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, உட்கார்ந்துதானே போகப் போகிறாள் என்று… டுக் டுக், டுக் டுக். இன்னும் அடிக்கிறாள் இந்த அத்தை. ஏன் அடிக்கிறாள்? வந்து சேர்ந்தால் ஒரு ரிங் என்றுதானே பேச்சு. வராவிட்டால்தானே இப்படி அடிப்பாள். வாயை மூடு. செருப்பைப் பற்றி மேடத்துக்கு யார் சொன்னது? மரகதமா, அவள் சொல்வாளா, செருப்புக்கென்று காசு வாங்கியிருந்தால் அதையும் வெற்றிலைக்குள் வைத்து மென்றிருப்பாள். மேடம் எதற்கு இப்போது, இன்றைக்குப் பார்த்து, சாப்பிட்டியா, செருப்பு வேணுமா என்று? கோபம் குபுகுபுவென்று ஏறியது. போன மாதம் எங்கே போயிருந்தது இந்த அக்கறை, தார் கொதிக்கும்போது? பஞ்சுக்கு வளையல் போட்டதும் கருணை பொத்துக்கொண்டு வந்துவிட்டதா? இரு, வைக்கிறேன் உனக்கு, இன்னும் ஒரே ஒரு நிமிஷம் ஆசையாகக் கேளு.

"ஆமா மேடம்," என்றாள் அக்கா குரலில், வாலை விழுங்கி. "கால் வீங்கியிருக்கு மேடம்." "என்ன சைஸுன்னு சொல்லு சாமி, இப்பவே வாங்கியாறச் சொல்றேன்." சாமி. வயிற்றுக்குச் சொல்கிற சாமி, முதல் தடவையாகக் காலுக்கு. "ஆறு, மேடம்," என்றாள் இசக்கி, யோசிக்காமல், தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே.

"எட்டு மேடம்," என்றது போன். "முந்தி ஏழு. வீங்கினதுக்கு அப்புறம் எட்டு."

அக்கா குரல். பாதி எடுத்த சத்தம், விழுங்கிய வால், முன்னால் ஒரு மூச்சு. இவ்வளவு நேரம் தான் பேசிய அதே குரல்தான், ஆனால் தான் வாயைத் திறக்கவே இல்லையே. வாய் தானாகப் பேசிவிட்டதா? பழக்கம் பொல்லாதது, தொண்டை தன்பாட்டுக்கு வேலை செய்தது, இசக்கி தலையணையின் மேல் குனிந்து, அதே குரலில், அதே மூச்சு விட்டு, "ஆமா மேடம், எட்டு," என்றாள்.

அந்தப் பக்கம் வளையல்கள் கலகலவென்று குலுங்கின. மேடத்தின் கையிலிருந்து கொஞ்சம், இன்னொருத்தி கையிலிருந்து நிறைய. "ஏட்டி இசக்கி," என்றது அக்காவின் குரல், வாலை விழுங்காமல், போனுக்குப் பக்கத்தில் வந்து, "போதும்ட்டி. நான் காங்கேயத்துலயே இறங்கிட்டேன். ஊருக்குப் போறேன்னு சொன்னது நீ, என் குரல்ல. இவுகளுக்குக் குடுத்திருதேன்னும் நான் இன்னும் சொல்லல, அது மரகதம் சொன்னது. செருப்பு கேக்கத்தான் வந்தேன். மத்ததையும் நானே பேசிக்கிடுதேன்." டுக் டுக் என்றது போன், அத்தை பஸ் ஸ்டாண்டில் நின்று அடித்துக்கொண்டிருந்தாள். இசக்கி மரகதத்தைத் தேடினாள், டாக்டரம்மாவைத் தேடினாள், யாரையாவது எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும், திட்ட வேண்டும், உனக்காகத்தானேக்கா, உனக்காகத்தானே இவ்வளவும். "அக்கா," என்றாள் கடைசியில். அதுவும் பேச்சியின் குரலிலேயே வந்தது.

அப்போது அந்தச் சிரிப்பு வந்தது. காங்கேயத்திலிருந்து, கை கொள்ளாத வளையல்களுக்கு நடுவிலிருந்து, பேச்சி சிரித்தாள். முதலில் தொண்டைக்குள் ஒரு விக்கல், பிறகு மூச்சே இல்லாத ஒரு இடைவெளி, செத்துப்போனாளோ என்று நினைக்கிற அளவு நீளமான இடைவெளி, அதற்கப்புறம் கதவைத் திறந்துவிட்ட மாதிரி பெரிய சத்தமாக, வெட்கமே இல்லாமல். இப்படித்தான் சிரிப்பாள். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். எவ்வளவு முயன்றும் இசக்கிக்கு வராத ஒரே குரல் இது ஒன்றுதான். மடியில் இருந்த தலையணையை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நேற்று ராத்திரி இருட்டில், மிஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டது இந்தச் சிரிப்பு இல்லை.